பொழுதுபோக்குக் காதலுக்கு வழங்கும் புதுச்சொற்கள்: புக்கிட் பாஞ்சாங் வழியே ஒரு நோக்கு

முன்னுரை

ஒரு சமுதாயம் எவற்றுக்கெல்லாம் பெயரிட்டு வழங்குகிறது, எவற்றைப் பெயரின்றி விட்டுவிடுகிறது என்பதைக் கொண்டு அதன் மனப்போக்கை ஓரளவு அறியலாம். தமிழில் காதலுக்குப் பெயர் உண்டு, திருமணத்துக்கும் உண்டு. ஒழுக்கக்கேடு எனக் கருதப்படும் உறவைச் சுட்டத் 'தொடுப்பு', 'வைப்பு' முதலான பழிச்சொற்களும் உள்ளன. இவற்றுக்கு இடைப்பட்டு நிற்கும் நிலை ஒன்று உண்டு. தனிமையை மறக்கவோ, முறிந்துபோன காதலின் வலியிலிருந்து மனத்தைத் திருப்பவோ, சில வாரங்களும் மாதங்களும் ஒருவரோடு பழகும் நிலையே அது. அதனை இன்றைய இளையர் 'டைம்பாஸ்' என்கின்றனர், 'ரிபவுண்ட்' என்கின்றனர், அண்மைக்காலமாகச் 'சிச்சுவேஷன்ஷிப்' எனவும் கூறுகின்றனர்.

இச்சொற்கள் எங்கிருந்து வந்தன, எதைக் காட்டி எதை மறைக்கின்றன, இத்தகைய உறவை அளக்கத் தமிழ் மரபில் கோல் ஏதேனும் உண்டா என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தை நாம் இதற்குக் களமாகக் கொள்கிறோம். இளையரை இடித்துரைப்பது நம் நோக்கமன்று. அவர்கள் சொல்லும் சொல்லைப் பெற்றோரும் ஆசிரியரும் விளங்கிக்கொள்ள வழிசெய்வதே நோக்கமாகும்.

புக்கிட் பாஞ்சாங்கின் மொழிச்சூழல்

புக்கிட் பாஞ்சாங் என்பது 'நீண்ட குன்று' எனப் பொருள்படும் மலாய்ப் பெயர். சிங்கப்பூரின் முதல் இலகு ரயில் பாதை 1999ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் இங்குதான் திறக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் டௌன்டவுன் பாதையின் இரண்டாம் கட்டம் தொடங்கியபோது, இவ்வட்டாரம் லிட்டில் இந்தியாவோடு ஒரே ரயிலில் இணைந்தது. அதுவரை பேருந்து மாறியும் ரயில் மாறியும் தேக்காவுக்குச் சென்றவர்கள் அதன்பின் ஏறிய இடத்தில் அமர்ந்தபடியே செல்லலாயினர்.

இந்த இணைப்பு மொழி நோக்கிலும் கருதத்தக்கது. வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சீன, மலாய் நண்பரோடு அமர்ந்து பேசும் தமிழ் இளையர் ஒருவர், வார இறுதியில் சிராங்கூன் சாலையில் தமிழகத்திலிருந்து வந்தோரின் பேச்சைக் கேட்கிறார். வீட்டில் தமிழ்த் திரைப்படம் பார்க்கிறார். பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலத்தில் இயங்குகிறார். ஃபஜார், செஞ்சா, பங்கிட் என்று நாள்தோறும் அவர் சொல்லும் நிலையப் பெயர்கள் முறையே விடியல், அந்தி, எழுதல் எனப் பொருள் தரும் மலாய்ச் சொற்களாகும். ஆகவே, அவருடைய காதற்சொற்கள் ஒரு மொழியிலிருந்து மட்டும் வந்திருக்க இயலாது.

சொற்களின் தொகுதி

இவ்வகை உறவைக் குறிக்க வழங்கும் சொற்களை அவற்றின் அடிப்படை உருவகம் நோக்கி நால்வகைப்படுத்தலாம்.

முதலாவது, பொழுது பற்றியவை. 'டைம்பாஸ்' ஆங்கிலச் சொற்களால் ஆயதாயினும் இந்தியாவில் பிறந்த சொல். மும்பை ரயில்களில் வேர்க்கடலை விற்போர் அதனை 'டைம்பாஸ்' என்றே கூவி விற்பர். தமிழில் ஆணும் பெண்ணும் நெடுநேரம் பயனின்றிப் பேசிக்கொண்டிருப்பதைக் 'கடலை போடுதல்' என்கிறோம். இரண்டிலும் கடலையே வந்து நிற்பது நோக்கத்தக்கது. கடலை பசி தீர்க்கும் உணவன்று; பயணம் முடியும்வரை வாயும் கையும் ஓயாதிருக்க உதவும் தீனியாகும். பயணம் முடிந்தபின் தொலியைத் தட்டிவிட்டு இறங்கிவிடலாம் என்னும் குறிப்பும் அதில் உண்டு.

இரண்டாவது, மாற்றுப்பொருள் பற்றியவை. தமிழகத்தில் வண்டியின் மாற்றுச் சக்கரத்தை 'ஸ்டெப்னி' என்பர். 1904ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் டேவிஸ் சகோதரர்கள் உருவாக்கிய மாற்றுச் சக்கரம், அவ்வூர்த் தெரு ஒன்றின் பெயரால் 'ஸ்டெப்னி' எனப்பட்டது. பிறந்த நாட்டில் வழக்கொழிந்த அப்பெயர் இந்தியாவில் நிலைத்ததோடு, முதன்மைத் துணை இல்லாத வேளைக்கு வைத்துக்கொள்ளப்படும் ஆளையும் குறிக்கலாயிற்று. 'என்னை ஊறுகாயாகத் தொட்டுக்கொண்டார்' என்னும் பேச்சுவழக்கும் இவ்வகையைச் சார்ந்ததே.

மூன்றாவது, மீள்துள்ளல் பற்றியது. 'ரிபவுண்ட்' என்பது மோதித் திரும்பும் பந்தின் நிலை. ஒரு காதல் முறிந்த வேகத்திலேயே அடுத்தவரிடம் சென்று சேர்வதை அது குறிக்கிறது. ஆங்கிலத்தில் இப்பொருளாட்சி நெடுங்காலமாக உண்டு; நம் இளையர் வாயில் ஏறியது அண்மையில்தான்.

நான்காவது, உறவின் தகுதி பற்றியவை. சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர் தம் காதல் துணையை 'ஸ்டெட்' என்பது உண்டு. நிலையானது எனப் பொருள்படும் 'ஸ்டெடி' என்பதன் குறுக்கம் அது. கண்டோனீயச் சீனத்திலிருந்து வந்த 'பாக் தோர்' காதலர் சேர்ந்து உலவுவதைக் குறிக்கும். மலாயில் பள்ளிப்பருவக் காதலைச் 'சிந்தா மொன்யெட்', அதாவது குரங்குக் காதல், என்பர். இவற்றுள் எதிலும் அடங்காது, உறவு உண்டு எனவும் இல்லை எனவும் கூற இயலாத நிலைக்கு வந்த பெயரே 'சிச்சுவேஷன்ஷிப்'. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் 2023ஆம் ஆண்டின் சொல்லைத் தேர்ந்தபோது இறுதிச் சுற்றுக்கு வந்த நான்கு சொற்களுள் இதுவும் ஒன்று.

உறவின் முடிவுக்கும் தனிச்சொற்கள் உள. தொடர்வண்டியிலிருந்து பெட்டியைப் பிரிப்பதை நினைவூட்டும் 'கழற்றிவிடுதல்' தமிழ்ச் சொல். விளக்கம் ஏதுமின்றிச் செய்திக்கு மறுமொழி தராமல் மறைந்துபோவது 'கோஸ்டிங்', அதாவது பேயாய் மறைதல். 2017ஆம் ஆண்டு மெரியம் வெப்ஸ்டர் அகராதி இப்பொருளை ஏற்றுக்கொண்டது.

இத்தொகுதியை ஒருசேர நோக்கின் ஓர் உண்மை புலனாகும். கடலை, ஊறுகாய், சக்கரம், பந்து, பெட்டி என்பன யாவும் பொருள்கள். பயன்படுத்துபவர் ஒருவர் இச்சொற்களுக்குப் பின்னால் இருக்கிறார்; பயன்படுத்தப்படுபவர் அஃறிணையாகிவிடுகிறார்.

காலம் நீண்டதும் கருவி வந்ததும்

இத்தகைய உறவு இக்காலத்தில் மட்டும் தோன்றியதன்று. ஆயினும் அதற்குரிய இடம் இக்காலத்தில் விரிந்துள்ளது. இளவயதிலேயே மணம் முடித்த தலைமுறையில் பருவத்துக்கும் திருமணத்துக்கும் இடையே நின்ற காலம் குறுகியது. இன்று சிங்கப்பூரில் முதன்முறை மணப்போரின் இடைநிலை வயது முப்பதை ஒட்டி நிற்கிறது. ஆகவே, பதின்ம வயதின் பிற்பகுதி முதல் பத்தாண்டுக்கும் மேலான காலம் ஒருவர் காதலுக்கு உரியவராகவும் திருமணத்துக்கு ஆயத்தமாகாதவராகவும் இருக்கிறார். படிப்பு, தேசிய சேவை, வேலை தேடல், வீட்டுக்குக் காத்திருத்தல் என அக்காலம் பலவகைக் காத்திருப்புகளால் ஆனது.

காத்திருப்புக்கும் 'டைம்பாஸ்' என்னும் சொல்லுக்கும் உள்ள தொடர்பை ஆய்வுலகமும் கண்டுள்ளது. புவியியல் அறிஞர் கிரெய்க் ஜெஃப்ரி உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் வேலையற்ற படித்த இளைஞரிடையே ஆய்ந்து 2010ஆம் ஆண்டு வெளியிட்ட நூலுக்கு 'டைம்பாஸ்' என்றே பெயரிட்டார். வாழ்க்கை தொடங்காமல் நின்றுபோன உணர்வுடைய இளைஞர் தம் நாளைக் கழிக்கும் முறைக்கு அச்சொல்லையே கையாண்டனர். மீரட்டின் நிலையும் சிங்கப்பூரின் நிலையும் பொருளியல் நோக்கில் வேறானவை. எனினும், வெறுமையைக் குறிக்கும் சொல்லை விளையாட்டாகச் சொல்லிக் கடக்கும் பாங்கு இரண்டிடத்தும் ஒன்றே எனலாம்.

சிங்கப்பூர் அரசு இளையர் சந்திப்புக்கு வழிவகுக்க 1984ஆம் ஆண்டு சமூக மேம்பாட்டுப் பிரிவு ஒன்றை அமைத்தது. திருமணமே அதன் இலக்காக இருந்தது. 2012ஆம் ஆண்டு வெளியான டின்டர் போன்ற கைப்பேசிச் செயலிகளோ இலக்கைக் கேட்பதில்லை. விரலால் ஒருபுறம் தள்ளினால் ஒருவர் வருகிறார்; மறுபுறம் தள்ளினால் மறைகிறார். துணை தேடுவதும் பொழுது போக்குவதும் ஒரே திரையில், ஒரே விரலசைவில் நிகழ்வதால், எதிரிலிருப்பவர் இரண்டுள் எதற்காக வந்தார் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

திசைதிருப்பலின் உளவியல்

மனவலியைத் திசைதிருப்ப இன்னொருவரை நாடுவது பயனற்றது என்று முதியோர் எளிதில் கூறிவிடுவர். உளவியல் ஆய்வுகள் அவ்வளவு எளிதாக முடிவுகட்டுவதில்லை. 1987ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் உடனாய்வாளரும் நடத்திய சோதனை புகழ்பெற்றது. வெண்கரடியை நினைக்கக்கூடாது எனப் பணிக்கப்பட்டவர்கள் அந்நினைப்பை முற்றிலும் அடக்க இயலாது தவித்தனர். தடை நீங்கியபின், தொடக்கத்திலேயே நினைக்க விடப்பட்டவரைவிட அதனை மிகுதியாக நினைத்தனர். ஆயின், வெண்கரடி நினைவுக்கு வரும்போதெல்லாம் சிவப்பு வோக்ஸ்வாகன் கார் ஒன்றை நினைக்குமாறு சொல்லப்பட்டவரிடம் இந்த மீளெழுச்சி குறைந்திருந்தது. மனத்தை வெறுமனே அடக்குவதைவிட ஒரு பொருள்மீது ஊன்றுவது உதவுகிறது என்பது இதனால் பெறப்படும்.

கிளாடியா பிரம்பா, கிறிஸ் ஃபிரேலி ஆகிய இருவரும் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வும் கருதத்தக்கது. பிரிவுக்குப்பின் புதிய உறவில் நுழைந்திருந்தோர், தனித்திருந்தோரைவிடத் தம்மீது நம்பிக்கை மிக்கவராகவும் பழைய துணையின் நினைவிலிருந்து விடுபட்டவராகவும் காணப்பட்டனர். தன்னம்பிக்கை உடையவரே விரைவில் துணை தேடினரா, துணை கிடைத்ததால் தன்னம்பிக்கை வந்ததா என்பதை இத்தகைய ஆய்வு முற்றும் பிரித்துக் காட்டாது. ஆயினும் 'ரிபவுண்ட்' உறவு யாவும் கேட்டிலேயே முடியும் என்னும் பொதுக்கருத்துக்கு அது இடந்தரவில்லை.

இவ்விரு ஆய்வுகளும் வலியுடையவரின் பக்கம் நின்று பேசுகின்றன. சிவப்புக் காருக்கு மனம் இல்லை. நினைத்தபின் மறந்துவிட்டாலும் அது வருந்தாது. திசைதிருப்பலாக அமையும் மனிதருக்கோ மனம் உண்டு. தாம் ஒருவரின் வெண்கரடிக்கு மாற்றாக வந்தவர் என்பதை அவர் அறிந்திருந்தாரா என்பதே இவ்வுறவின் நன்மை தீமையை முடிவுசெய்யும் வினாவாகும்.

அகத்திணை தரும் அளவுகோல்

இவ்விடத்தில் தமிழ் மரபு நமக்குத் துணைவருகிறது. தொல்காப்பியம் அகத்திணையை ஏழாகப் பகுக்கிறது. கைக்கிளையை ஒருதலைக் காமம் எனவும், பெருந்திணையைப் பொருந்தாக் காமம் எனவும், இடைப்பட்ட ஐந்தினையும் ஒத்த அன்புடையார் ஒழுக்கம் எனவும் உரைகாரர் விளக்குவர். இப்பகுப்பின் அடிப்படை காலமன்று. உறவு எத்தனை நாள் நீடித்தது, திருமணத்தில் முடிந்ததா என்று அது முதற்கண் கேட்பதில்லை. இருவர் உள்ளமும் ஒத்தனவா என்றே கேட்கிறது. புதுச்சொற்களோ பெரும்பாலும் காலத்தையும் பயனையும் அளக்கின்றன.

இக்கோலைக் கொண்டு இன்றைய நிலையை அளந்து பார்க்கலாம். இருவரும் 'இது சிறிது காலப் பழக்கமே' என்று அறிந்து பழகினால், அதனை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் ஒழுக்கக் கொள்கையைப் பொறுத்தது. ஆனால் அங்கு ஏமாற்றம் இல்லை. ஒருவர் காதல் என்றும் மற்றவர் டைம்பாஸ் என்றும் ஒரே உறவுக்கு இரு பெயர் வைத்திருந்தால், மாதக்கணக்கில் கைகோத்து நடந்தாலும் அது கைக்கிளையே. இரு பெயர் இருப்பதை ஒருவர் மட்டும் அறிந்து மறைத்தாரெனில், தொல்காப்பியக் கற்பியல் கூறும் பொய்யும் வழுவும் அங்குத் தோன்றிவிட்டன. செய்ததை இல்லையென மறைத்தலைப் பொய் எனவும், தொடங்கிய ஒழுக்கத்தில் இறுதிவரை நில்லாது நழுவுதலை வழு எனவும் உரை வகுத்துள்ளனர். அவை தோன்றியபின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டதாகத் தொல்காப்பியம் குறிக்கிறது. விளக்கமின்றி மறைந்துபோகும் 'கோஸ்டிங்' இந்த வழுவின் இக்கால வடிவம் எனலாம்.

சங்க இலக்கியம் இவ்வகையில் இன்னொன்றையும் செய்தது. தலைவன் நாடிச்சென்று பின் நீங்கிய பெண்ணுக்கும் அது பேச வாய்ப்பளித்தது. குறுந்தொகையின் 8ஆம் பாடல் ஆலங்குடி வங்கனார் பாடியது. காதற்பரத்தையின் கூற்றாக அமைந்தது. தன்னிடத்தில் பெரும்பேச்சுப் பேசிய தலைவன், தன் வீட்டில் மனைவி சொற்படி கண்ணாடியில் தோன்றும் உருவம்போல் ஆடுகிறான் என அவள் எள்ளி நகையாடுகிறாள். இன்றைய வழக்கில் 'ஸ்டெப்னி' எனப்படக்கூடிய ஒருத்தி ஈராயிரம் ஆண்டுக்குமுன் அறிவும் சினமும் நகையும் உடையவளாய்ப் பேசியிருக்கிறாள். அன்றைய சமுதாயம் அவளுக்கு நீதி வழங்கியது என்று நாம் கூறவில்லை. அவளை உயர்திணையாகக் கண்டது என்கிறோம்.

வீட்டுமொழியின் வறுமை

இச்சொற்சிக்கல் ஏட்டளவில் நிற்பதன்று. சிங்கப்பூர் இந்தியரில் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினராக இருந்தனர். 2020ஆம் ஆண்டில் 30 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைந்துவிட்டனர். பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் தரவேண்டும் என 2005ஆம் ஆண்டு தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்தது. அது நல்ல முயற்சி. எனினும், மனத்தின் நுண்ணிய துயரைச் சொல்லும் தமிழை வகுப்பறை மட்டும் தந்துவிட இயலாது. வீட்டிலும் அது புழங்க வேண்டும்.

ஒரு சூழலை எண்ணிப் பார்ப்போம். இரவு உணவைத் தொடாமல் அறைக்குள் இருக்கும் மகளிடம் தாய் காரணம் கேட்கிறார். 'நான் அவனுக்கு வெறும் ரிபவுண்ட்தான்மா' என்கிறாள் மகள். தாய்க்கு அச்சொல் பந்தாட்டச் சொல்லாகவே தெரியும். 'காதலா?' என்று கேட்டால், மகளுக்கு அது மிகப் பெரிய சொல். 'தப்பா ஏதாவது நடந்துவிட்டதா?' என்று கேட்டால், அது மிகக் கொடிய சொல். இரண்டுக்கும் நடுவே ஒரு சொல் இல்லாமையால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. மகள் தன் துயரை ஆங்கிலத்தில், தன் வயதினரிடம் மட்டுமே, பெரும்பாலும் கைப்பேசித் திரையில் சொல்கிறாள். அவர்கள் அதனைக் கேலியாக்கினால் அவளும் சிரித்தாக வேண்டும். 'வெறும் டைம்பாஸ்' என்ற சொல்லுக்காக அழுவது அவ்வுலகில் அறியாமையாகக் கொள்ளப்படும்.

ஆண்மக்கள் நிலையும் இதுவே. காதல் தோல்வியைத் திரைப்படம் பெரிதாகக் காட்டி, தாடிக்கும் பாட்டுக்கும் இடம் தந்திருக்கிறது. மூன்று மாதம் பழகிக் கழற்றிவிடப்பட்டவனுக்கோ அத்தகைய மரியாதையும் இல்லை. துயர் சிறிதெனப் பெயர் சொல்கிறது. மனம் அவ்வாறு உணர்வதில்லை.

'பழகுதல்' என்னும் சொல்

புதுச்சொல் ஒன்றை ஆக்கித் தருவது நம் எண்ணமன்று. பேச்சில் ஏற்கெனவே இருக்கும் சொல் ஒன்றைச் சுட்டவே விரும்புகிறோம். 'பழகுதல்' என்பது பழிப்பும் புகழ்ச்சியும் அற்ற சொல். 'அவர்கள் பழகுகிறார்கள்' என்று முதியோரும் கூறுவர், இளையரும் கூறுவர். நட்பு முதல் காதல்வரை எத்தனை நிலைக்கும் அது இடந்தரும்.

அதனினும் சிறப்பு அதன் இலக்கணத்தில் உள்ளது. டைம்பாஸ், ரிபவுண்ட், ஸ்டெப்னி என்பன பெயர்ச்சொற்கள். ஒருவர்மேல் ஒட்டிவிட்டால் போதும், வேறெதுவும் சொல்லத் தேவையில்லை. 'பழகு' என்பதோ வினை. வினை வந்தால் யார் பழகினார் என்னும் எழுவாய் வேண்டும். யாரோடு என்பது வேண்டும். எதற்காக, எப்போதுவரை என்னும் வினாக்களும் எழும். 'பழையவரை மறக்க இவரோடு பழகினேன். அதை இவரிடம் சொல்லவில்லை' என்று ஒருவர் தமிழில் சொல்ல நேர்ந்தால், தாம் செய்தது இன்னதென்று அவருக்கே தெரிந்துவிடும். 'நான் காதலென்று நினைத்துப் பழகினேன். அவர் அப்படி நினைக்கவில்லை' என்று மகள் சொன்னால் தாய்க்கும் விளங்கிவிடும். அதற்கு அகராதி வேண்டியதில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, பொழுதுபோக்குக் காதலுக்கு வழங்கும் சொற்கள் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழகப் பேச்சு ஆகிய பல ஊற்றுகளிலிருந்து வருவன. அவற்றுள் பல, எதிரிலிருக்கும் மனிதரைப் பொருளாக்கும் உருவகங்கள். இரண்டு, மனவலியைத் திசைதிருப்புதல் இயல்பான தேவையே. இன்னொருவர் அறியாமல் அவரைக் கொண்டு அதனைத் தீர்த்துக்கொள்ளும்போதே அது தீங்காகிறது. மூன்று, உறவைக் காலத்தால் அளவாது உள்ளத்து ஒப்புமையால் அளக்கும் கோல் அகத்திணை மரபில் உள்ளது.

புக்கிட் பாஞ்சாங்கிலும் பிற வட்டாரங்களிலும் வாழும் பெற்றோர், பிள்ளைகள் கூறும் புதுச்சொல்லைக் கேட்டு முகஞ்சுளிக்காமல், 'அப்படியென்றால் என்ன?' என்று கேட்கலாம். ஆசிரியர் கைக்கிளையைக் கற்பிக்கும்போது அதனைத் தேர்வுக்குரிய இலக்கணச் செய்தியாக மட்டும் நிறுத்தாமல், ஒரே உறவுக்கு இருவர் இரு பெயர் வைக்கும் நிலையை மாணவரிடமே கேட்டு விளக்கச் செய்யலாம். இளையரும் ஒருவரோடு பழகத் தொடங்கும்போது, தாம் அவ்வுறவுக்கு மனத்துள் வைத்திருக்கும் பெயரை அவரிடம் வாய்விட்டுச் சொல்லலாம். அப்பெயரைக் கேட்டபின் உடன்வருவதோ விலகுவதோ அவர் உரிமையாகும்.